சுவாமி வராத பூசை

இன்று மெட்ரோவில் யாரோ மடியில் வைத்திருந்த ஆப்பிள்கள் நிறைந்த பையின் மணம், கர்க்லாண்ட் நகருக்கு அப்பால், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய புறநகரின் பழைய மரமண்டபத்துக்கு என்னைக் கொண்டுபோனது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவர்கள் ஆப்பிள் தோட்டம் செய்து தொடங்கிய ஊர் அது. தோட்டங்களெல்லாம் வீடுகளாகிவிட, அந்த மண்டபமும் அதன் நிலவறை ஆப்பிள்களின் லேசான புளிப்பு மணமும் மட்டும் மிஞ்சியிருந்தன.

முதல் ஞாயிறே, மன்னார்க் கத்தோலிக்கரான அம்மா அதை மாதா கோயில் என்று எண்ணி எங்களைக் கூட்டிப்போனார். மாதா சுரூபமில்லை, பீடமில்லை, பூசை வைக்கச் சுவாமி என்ற பாதிரியாரும் இல்லை; மரவாங்குகளில் வயதானவர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்க, சுவர்க்கடிகாரம் மட்டும் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"சுவாமி வரச் சுணங்குது போல, செபமாலையைத் தொடங்குவம்" என்ற அம்மா, ஊர்க்கோயிலில் செய்வதுபோலவே முழந்தாளிட்டு, உரத்துத் தமிழில் தொடங்கி, கடைசி மணிவரை சொல்லி முடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தபோது ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைக் குலுக்கினார்கள்.

குவேக்கர்களுக்குச் சுவாமியே இல்லை, மௌனம்தான் பூசை, மனம் தூண்டினால் எவரும் பேசலாம் என்பதெல்லாம் நான் பின்னால் அறிந்தவை. மண்டபம் இப்போது கார் தரிப்பிடம்.

இன்று அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "சுவாமி இல்லாட்டி என்ன," என்றார், "இந்த நாட்டில நான் கதைச்சதை முழுசாக் கேட்ட முதல் சனம் அவையள்தான்."