என்னை எழுப்பியிருக்கலாம்

போர்க்கப்பல் கேப்டனுக்குத் தூக்கம் என்பது பேருக்குத்தான். அவன் கண்ணயர்ந்திருக்கும்போது நடப்பதற்கும் அவனே பொறுப்பு. அதனால் கப்பலைச் செலுத்தும் ஷிப்ட் மாறும்போதெல்லாம் பொறுப்பேற்கும் அதிகாரியிடம் எல்லாக் கேப்டன்களும் ஒன்றைச் சொல்வார்கள்: சந்தேகம் வந்தால் உடனே என்னை எழுப்பு. நானும் சொன்னேன். அதை நம்பி ஓர் இளம் அதிகாரி, எங்கோ தூரத்தில் போன மீன்பிடிப் படகுக்காக என்னை எழுப்பினான். இதற்கெல்லாமா எழுப்புவாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். குன்னத்தூரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்று கப்பல் முழுக்கத் தெரிந்துபோனது.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். திடீரென்று காற்று வலுத்தது. முன்தளத்தில் அவிழ்ந்திருந்த கயிறுகளைக் கட்டச் சில மாலுமிகள் போயிருந்தார்கள். வேகத்தைக் குறைத்திருந்தால் அலை தளத்தில் ஏறியிருக்காது. ஆனால் என்னைக் கேட்காமல் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பது என் உத்தரவு. அதே அதிகாரிதான் பொறுப்பில் இருந்தான். எழுப்பலாமா வேண்டாமா என்று அவன் தயங்கிக்கொண்டிருந்தபோதே ஓர் அலை ஏறி, ஒரு மாலுமியைத் தூக்கி நங்கூரச் சங்கிலிமேல் அடித்தது. முழங்கால் நொறுங்கிவிட்டது. திருப்பூர் மண்ணரைக்காரன். நம்ம ஊர்ப் பையன் என்று நான் செல்லம் கொடுத்து வைத்திருந்தவன்.

விசாரணையில், முழுப் பொறுப்பும் என்னுடையது என்றேன். கேப்டன்கள் வழக்கமாகச் சொல்வதுதான், கேட்கக் கம்பீரமாக இருக்கும். முந்தின நாள் கத்தியதை மட்டும் சொல்லவில்லை. அந்த அதிகாரியும் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னமும் கூசுகிறது.

பிறகு விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு நாள் மதியத் தூக்கம் கலைந்து வெளியே வந்தால், போர்டிகோவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் பனியன் கம்பெனிப் பஞ்சு.

"கால்ல அடிபட்ட பையனோட அப்பாங்க. வந்து ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள் மனைவி.

"ஏன் எழுப்புல?"

"அவருதான் வேண்டான்னுட்டாருங்க."

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த டெய்லர் அவர். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கால் சரியானா திரும்பக் கப்பல்ல சேத்துக்கிடுவீங்களா சார்? அவனுக்கு அதே நெனப்பாவே இருக்கு."

அவனை இனிமேல் கடலுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர்கள் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை.

"என்ற கோபத்துக்குப் பயந்துதானுங்க அன்னைக்கு என்னை எழுப்பாம உட்டாங்க. எழுப்பியிருந்தா அவன் கால் போயிருக்காதுங்க."

"தெரியும் சார்" என்றார் அவர். "அவன் சொல்லிருக்கான். அதான் இன்னைக்கு நானும் எழுப்ப வேண்டாம்னுட்டேன்."