ஐஸ்பழ அச்சும் தங்கக் கட்டரும்

மாமா போய் நாற்பது நாள் ஆகிறது. இந்தக் கதையை அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயந்து பயந்து பதினாலு வருடம் போய்விட்டது. இனி யாரிடம் சொன்னாலும் ஒன்றுதான் என்று எழுதுகிறேன். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகைக் கதை இல்லை, பயப்பட வேண்டாம்.

அப்போது எனக்கு எட்டு வயது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கின ஒழுங்கைக்குள் வீடு. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், மூன்று பேர். நாலாவது ஆளாக ஒரு மில்லிங் மெஷின். முன்னறையில் செற்றி இருக்க வேண்டிய இடத்தில் மாமா அதைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கதவைக் கழற்றித்தான் உள்ளே எடுத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.

அந்த மெஷினில் மேலே ஒரு கட்டர் சுற்றும். கீழே இறுக்கி வைத்த உலோகக் கட்டியை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும். கட்டர் என்றால் ஒரு விரல் அளவுதான். நுனியிலும் பக்கத்திலும் பல், முறுக்கிவிட்ட மாதிரி மேலே ஏறிப்போகும். மாமா அதை எண்ட் மில் என்பார்.

ஒரு மரக்கட்டையில் ஓட்டைகள் போட்டு, கட்டர்களை அதில் குத்தி வைத்திருந்தார். இடப்பக்கம் வெள்ளையாக இருக்கும் இரண்டு பல் கட்டர்கள். வலப்பக்கம் நாலு பல் கட்டர்கள். வலப்பக்கத்தில் ஒன்று மட்டும் தங்க நிறம். அம்மாவின் தோட்டைவிட அதற்கு மினுக்கம் கூட. மாமா அதை எடுத்து நான் கண்டதேயில்லை. எங்கள் அம்மாவிடம் பூப்போட்ட கோப்பைகள் ஆறு இருந்தன. அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும், பெரிய ஆட்கள் வந்தால்தான் வெளியே வரும். தங்கக் கட்டரும் அந்த வகைதான் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ஐயா குச்சி செருகின ஐஸ்பழம் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மீன் வடிவத்தில் ஐஸ்பழம் வேண்டுமாம். அதற்கு அலுமினியத்தில் ஆறு அச்சு. மெஷின் வந்து மூன்று மாதம், அதுவரை வந்ததெல்லாம் உடைந்த சாமானுக்கு ஓட்டை போடுகிற வேலை. இதுதான் முதல் பெரிய வேலை. ஐயா ஒரு நிபந்தனை வைத்தார்.

"தம்பி, முதல் மீனை என்ர கண்ணுக்கு முன்னால வெட்டிக் காட்டும். வடிவா வந்தால் ஆறும் உமக்கு. இல்லாட்டில் நான் வேற ஆளைப் பாப்பன்."

நான் என் பங்குக்கு, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மீன் ஐஸ்பழம் சும்மா கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாமா சேர்ட்டை அயர்ன் பண்ணினார். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, மெஷினுக்கு இண்டைக்குக் கலியாணமோ? பவுடர் வேற."

"கஸ்டமர் வாறார் அக்கா. மரியாதையா நிக்க வேண்டாமோ?"

"போன கிழமை வந்த கஸ்டமருக்குச் சாரத்தோடதானே நிண்டனி?"

 மாமா, கட்டியை இறுக்கிப் பிடிக்கிற வைஸைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஐயா திரீவீலில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய மகளும் வந்தார். மீன் படம் கீறியது அந்த அக்காதானாம், அளவெல்லாம் எழுதிய கொப்பி அவர் கையில் இருந்தது. மாமா அளவு கேட்க அவர்கள் வீட்டுக்கு இரண்டு தரம் போய்வந்தவர். ஆனாலும் "வாங்கோ, இருங்கோ" என்று மெஷினைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்மா பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாமா மேசையில் ஒரு துணி விரித்து, அதில் இரண்டு பல் வெள்ளைக் கட்டர் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். வந்திருப்பது இவ்வளவு பெரிய ஆள், அவருக்குப் போய் சாதாரணக் கட்டரா? மாமா கட்டியை வைஸில் இறுக்கக் குனிந்த நேரம், வெள்ளையை மரக்கட்டையில் குத்திவிட்டுத் தங்கத்தை எடுத்துத் துணியில் வைத்தேன். தடிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், மாமா சந்தோஷப்படுவதைப் பார்க்க.

மாமா கட்டரைப் பூட்டினார். தூரிகையால் கட்டியில் எதையோ பூசினார். ஐயா மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, இதென்ன மணம்?"

"மண்ணெண்ணெய் ஐயா. அலுமினியம் கட்டரில ஒட்டப் பாக்கும். இது பூசினால் வழுக்கிக்கொண்டு போயிடும்."

"பிறகு என்ர ஐஸ்பழம் மண்ணெண்ணெய் மணக்குமோ?"

"அப்பா, கழுவித்தானே தருவினம்" என்றார் அந்த அக்கா.

"சவுக்காரம் போட்டே கழுவித் தருவன்" என்று மாமா மெஷினிடம் உறுதி சொன்னார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் நல்லாகத்தான் இருந்தது. மீனின் வால் பக்கம் ஒரு கோடு விழுந்தது. பிறகு சத்தம் மாறியது. பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கீச்சல். கட்டரின் தங்கம் மறைந்து, பல்லெல்லாம் அலுமினியம் அப்பி, ஈயக்கட்டி மாதிரி ஆனது. அடுத்த கணம் 'டக்'. உடைந்த நுனி சுவரில் பட்டு விழுந்தது. ஐயா இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கிவிட்டார், ஆனால் கோப்பையை விடவில்லை.

"என்ன தம்பி, மீன் வாலிலேயே செத்துப்போச்சு?"

நான் குசினிக்குள் ஓடி அரிசி வாளிக்குப் பின்னால் இருந்துவிட்டேன். இனி மாமா என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆறு அச்சும் போச்சு, ஒழுங்கையில் தலை காட்ட முடியாது என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாமா கூப்பிடவில்லை.

"என்ர பிழைதான் ஐயா. இரும்பு வெட்டுற கட்டரைப் போட்டிட்டன்."

"பாத்துப் போடமாட்டீரோ?"

அப்போது அந்த அக்கா கேட்டார். "அது ஏன் இரும்பை வெட்டுறது இதை வெட்டாது? இது மெத்தெண்ட சாமான்தானே?"

மாமா முதல்தரம் மெஷினை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கதைத்தார் என்று பிறகு அம்மா சொன்னார். மெத்தென்று இருப்பதுதான் கரைச்சலாம். இரும்புச் சீவல் சின்னன், அதனால் நாலு பல் வைத்து நெருக்கமாக வெட்டலாம். அலுமினியம் பெரிய சீவலாக வரும், இளகி ஒட்டும். அதற்கு இரண்டு பல்லே போதும், பல்லுக்கு நடுவில் இருக்கிற பள்ளம் வழியாகத்தான் சீவல் வெளியே போக வேண்டும். நாலு பல்லில் பள்ளம் சின்னன், போக வழியில்லாமல் அடைத்து, கட்டரையே முறிக்கும். தங்கப் பூச்சு சூட்டுக்குப் போட்டது, அதிலும் அலுமினியம் ஒட்டத்தான் பார்க்கும். அந்த அக்கா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாராம். ஐயாவுக்கு அம்மா இன்னும் இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்ற வேண்டி வந்தது.

"கட்டியில கீறல் மட்டும்தான் அப்பா. வாற சனிக்கிழமை வந்து பாப்பமே" என்றார் மகள்.

"ஒரு சனிதான்" என்றார் ஐயா. "அதுக்குப் பிறகு நான் பொறுக்கமாட்டன்."

அடுத்த சனி வெள்ளைக் கட்டர் மீனைச் செதிளோடு வெட்டித் தந்தது. ஆறு அச்சும் மாமாவுக்கே கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் அந்த அக்கா எனக்கு மாமியாக வந்து சேர்ந்தார். ஒழுங்கைக்கு ஒரு பெட்டி ஐஸ்பழம் வந்தது. மாமா முதல் மீனை எனக்குத் தந்தார். இந்த மனிதருக்கு நான் செய்த வேலை தெரிந்தால் தருவாரா என்று நினைத்துக்கொண்டே தின்றேன். இரண்டு தின்றேன், அது வேறு கதை.

இப்போது நானும் களனியில் ஒரு வேர்க்ஷாப்பில் கட்டர் பூட்டுகிறவள்தான். வேலைக்குப் போன முதல் கிழமையே பிளாஸ்டிக்குக் கண்ட கட்டரைப் போட்டு, அது உருகி இடியப்பம் மாதிரிச் சுற்றிக்கொண்டது. "ஒய கட்டரெக்க நெமெய் நங்கி!" என்று பாஸ் சிங்களத்தில் கத்தினார். அந்தக் கட்டர் இல்லை தங்கச்சி என்றுதான் சொன்னார், ஆனால் சொன்ன விதம் வேறு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எத்தனை பல் என்று விரல் சொல்லும். இத்தனை படித்தும், அன்று நடந்ததை மட்டும் எனக்கு யோசித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று போவேன். அவர் ஏதாவது பகிடி விடுவார், சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பிறகு ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, மாமியும் நானும் சட்டி பானை கழுவினோம். எனக்குத் தாங்கவில்லை.

"மாமி, அண்டைக்கு அந்தக் கட்டரை மாத்தி வச்சது நான்தான்."

மாமி திரும்பிப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தெரியும். நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"மாமாவுக்கு?"

"விசரி, நீயும் இப்ப இந்த வேலைதானே செய்யிறாய்? தங்கக் கலரில, நாலு பல்லோட இருக்கிற சாமானை ஒருத்தர் கையில எடுத்துப் பூட்டேக்க தெரியாமல் போகுமோ?"

 மாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்தவர், அப்பிடியே நிண்டவர். கதவுக்குப் பின்னால உன்னைப் பாத்தவர். நான் சொல்லுவம் எண்டு வாயெடுத்தனான். என்னைப் பாத்தவர். நான் வாயை மூடிட்டன்."

"ஏன் மாமி? வேலை போயிருந்தால்?"

"போயிருக்கலாம்தான். ஆனால் வேலை சரியா நடந்திருந்தால் அப்பா அரை மணித்தியாலத்தில என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். பிறகு எனக்கு அங்க வர என்ன அலுவல்? உங்கட மாமாவுக்கு ஒரு சனிக்கிழமை காணாது, அடுத்த சனியும் வேணுமாம்." மாமி சிரித்தார், கண்ணும் நிறைந்தது. "உன்ர கலியாணத்தில மைக்கைப் பிடிச்சு எல்லாருக்கும் இதைச் சொல்லப்போறன் எண்டு வச்சிருந்தவர். அதுவரைக்கும் வாய் திறக்கக்கூடாது எண்டு எனக்கும் ஓடர்."

நான் அவரிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னிடம் சொல்லாமல் அடக்கிவைத்துக்கொண்டிருந்தார். ஒரே கதையை இரண்டு பேரும்.

அன்று அரிசி வாளிக்குப் பின்னால் இருந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முன்னறையில் கட்டர் உடைந்திருக்கிறது, ஐயா ஏசுகிறார், ஆனால் பல்லைப் பற்றியும் பள்ளத்தைப் பற்றியும் இரண்டு குரல்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல் கதைத்துக்கொண்டே இருக்கின்றன. பாவம் மாமா, திட்டு வாங்காமல் தப்பத்தான் கதையை இவ்வளவு நீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.