ராஜு தள்ளிவிட்ட காடி

1. போன்

"வயர்மேன், காடி எப்ப ரெடியாவும்? நாளைக்குக் காலையில தனத்துக்கு டயாலிசிஸ் இருக்கு. மறந்துடாதலா."

பேசியவர் சின்னையா. காரை நாங்கள் காடி என்போம். நான் மம்பாவில் என் பட்டறையில், ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"எந்தக் காடிண்ணே?"

"என் காடிதான். நீ லோரி அனுப்பி ஏத்திக்கிட்டுப் போனியாமே. பக்கத்து வீட்டு ராஜு சொன்னான்."

"நான் எந்த லோரியும் அனுப்பலண்ணே."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து எழுந்த வேகத்தில் ஸ்டியரிங்கில் மண்டையை இடித்துக்கொண்டேன். வேன்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். நாசமாப் போச்சு என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

2. பட்டன்

நான் கார் வயர்மேன். என்ஜினைப் பிரிப்பது போமென் வேலை. மின்சாரம் ஓடுகிற இடமெல்லாம் என் வேலை. வயசாகிவிட்டது, பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டேன். இப்போதைய பையன்கள் கம்ப்யூட்டரைச் செருகி நோய் பார்க்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பழைய வண்டி வந்து நின்றால் முழிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னையா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தனத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிரம்பானுக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். விடிகாலை நேரத்தில் தோட்டத்துக்குள் எந்த பஸ்ஸும் வராது. பிள்ளைகளும் இல்லை. இருந்தது அந்தப் பழைய காடி ஒன்றுதான். கார்புரேட்டர் வண்டி. சாவித் துவாரம் தேய்ந்துபோய், மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினால் திறந்துவிடும். ஸ்டியரிங் லாக்கும் அதே கதைதான்.

பழைய வண்டியை எவன் திருடுவான் என்று நினைக்காதீர்கள். பழைய வண்டியைத்தான் திருடுகிறான். சாமானாகப் பிரித்துப் போட்டால் எந்த வண்டிக்குள் போனதென்று கடவுளுக்கே தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு வண்டி காணாமல் போன பிறகு சின்னையா என்னிடம் ஓடி வந்தார்.

"இது போச்சுன்னா அவ போயிடுவா வயர்மேன். ஏதாச்சும் பண்ணு."

பண்ணினேன். இக்னிஷனிலிருந்து தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தேன். ஸ்டார்ட்டரை வெட்டக் கூடாது, கவனியுங்கள். ஸ்டார்ட்டர் ஓடாவிட்டால் திருடன் உடனே சுவிட்ச் தேடுவான். காயிலை வெட்டினால் என்ஜின் சுற்றும், பற்றாது. ஏதோ கோளாறு என்று அவன் நினைப்பான். நினைத்து, பேட்டரி இறங்கும்வரை உயிரைக் கொடுத்துத் திருகுவான்.

புதுசாக ஒரு சுவிட்சைக் கொண்டுவந்து ஒளித்து வைப்பதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை. அவர் வண்டியில் பின்கண்ணாடியைச் சூடாக்கும் பட்டன் செத்துக் கிடந்தது. அதையே சுவிட்சாக்கினேன். ஒயரும் பழைய நிறத்திலேயே தேடிப்பிடித்துப் போட்டேன். பளபளவென்று புது டேப் சுற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். கிளச் பெடலையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி கொடுத்தேன். எல்லாக் கண்ணாடியிலும் வண்டி நம்பரைப் பொறித்தேன். வீட்டுப் பக்கத்துச் சந்தில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தச் சொன்னேன். சின்னையா பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தார்.

3. சந்து

நான் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து வீடுகளின் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கல்யாணத்துக்கு உடுத்தியிருந்த பட்டுத் துணியைக்கூட யாரும் மாற்றவில்லை. எல்லாரும் அன்று வாடகை பஸ்ஸில் சி ரூசாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். சின்னையாவும் தனமும் அதில்தான் போயிருக்கிறார்கள். தனம் படியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவன் ராஜு. அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் பேச்சும் போய்விட்டதால் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நடந்ததை ராஜுதான் சொன்னான்.

"காடிய யாரோ ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு அங்கிள். போய்ப் பாத்தேன். பட்டறை சட்ட போட்ட ரெண்டு பேரு. பானெட்டத் தொறந்து வச்சிக்கிட்டு வேர்த்துக் கொட்டுறானுங்க. என்னான்னு கேட்டேன். போமென் அனுப்பினாரு, ஸ்டார்ட் ஆவலன்னானுங்க. ஒங்களத்தான் சொல்றானுங்கன்னு நெனச்சேன். நான்தான் சொன்னேன், அது எப்பவும் அப்படித்தான்லா, தள்ளுனாத்தான் உண்டுன்னு."

"சங்கிலி?"

"வெட்டிட்டானுங்க. சாவி தொலைஞ்சிருச்சின்னு சின்னையா மாமாவே வெட்டச் சொன்னாருன்னானுங்க."

சந்துக்குள் லோரி நுழையாது. ராஜு வழியில் போன இரண்டு பையன்களைக் கூப்பிட்டிருக்கிறான். ஐந்து பேருமாகச் சேர்ந்து காடியைச் சந்திலிருந்து தள்ளி, ரோட்டில் நின்ற லோரிவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஏற்றி முடித்ததும் ராஜு அந்த இருவருக்கும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறான்.

என் கட்-ஆஃப் வேலை செய்திருக்கிறது. என்ஜினை ஒரு திருடனாலும் எழுப்ப முடியவில்லை. ஆனால் நம் ஆட்களே தோள் கொடுத்துத் தள்ளி அனுப்பியிருக்கிறார்கள். நான் கத்திவிட்டேன்.

"அறிவு இருக்காடா ஒனக்கு? அந்தக் காடிக்கு என்னடா கேடு? போன வாரம்தான் பாத்தேன். சாவியப் போட்டா ஒடனே எடுக்கும். எப்பவும் அப்படித்தானாம்!"

"இல்லையே அங்கிள். அது எடுக்கவே எடுக்காதே. எத்தன வாட்டி நாங்க தள்ளியிருக்கோம்."

"தள்ளுனீங்களா? எதுக்கு?"

"பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகக் கேட்டா ஸ்டார்ட் ஆவாது. கோயிலுக்குச் சாமான் ஏத்தக் கேட்டா ஸ்டார்ட் ஆவாது. மாமா சாவியப் போட்டு எங்க முன்னாடியே திருகிக் காட்டுவாரு. உர்ருன்னு சுத்தும், எடுக்காது. நாங்களும் கொஞ்ச தூரம் தள்ளிப் பாத்துட்டு விட்டுருவோம்."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. தொழில் ரோஷம் கண்ணை மறைத்தது. "அதெல்லாம் கோளாறு இல்லடா, நான் வச்ச கட்-ஆஃப்டா! பட்டன ஆஃப் பண்ணி வச்சா அப்படித்தான் சுத்தும்," என்று சொல்லிக்கொண்டே சின்னையா பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனம்தான் பேசினாள்.

"அப்ப ராஜுவோட அப்பா விழுந்தப்ப?"

சின்னையா வீட்டுப் பக்கம் நகரப் பார்த்தார்.

"ஒங்களத்தான் கேக்குறேன். அந்தப் பையன் அழுதுக்கிட்டு ஓடி வந்தானே. நீங்க சாவியப் போட்டுத் திருகினீங்களே. அப்பவும் அந்தப் பட்டனா?"

"மறுநாள் ஒனக்கு டயாலிசிஸ் தனம்." அவர் குரல் எழும்பவே இல்லை. "என்ஜின் பழசு. நடுவழியில நின்னுட்டா நான் ஒன்ன எதுல கொண்டுபோவேன்? கேக்கறவனுக்கெல்லாம் குடுத்தா அது எத்தன நாளு தாங்கும்? ஆம்புலன்ஸ்தான் வருமேன்னு நெனச்சேன்."

ஆம்புலன்ஸ் வந்ததாம். தோட்டத்து வழி தெரியாமல் சுற்றி வந்ததாம். இன்னும் சீக்கிரம் கொண்டு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கண்டது ராஜுவின் முகத்தைத்தான். அவன் சின்னையாவை அடிக்கப் போகிறான் என்று நினைத்து நடுவில் போய் நின்றேன். அவன் அடிக்கவில்லை. "அன்னிக்கு நான் அந்தக் காடிய தள்ளுனேன் மாமா. எங்கப்பா உள்ள கெடக்கறாரு, நான் வெளிய ஒங்க காடிய தள்ளிக்கிட்டு இருந்தேன்," என்று அந்த வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி கத்தினான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் சின்னையாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். காடி கிடைக்கவில்லை, இன்றுவரை. மறுநாளுக்கு என்ன செய்வது என்று போகும்போதும் வரும்போதும் புலம்பிக்கொண்டே வந்தார். என் பட்டறை வேனை எடுத்து வருகிறேன் என்று சொன்னேன்.

விடிகாலையில் நான் போய்ச் சேரும்போது தனம் வேறொரு காடியில் உட்கார்ந்திருந்தாள். ராஜு இரவோடு இரவாகத் தன் மச்சானிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறான். சின்னையா முன் கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க வர வேணாம்," என்றான் ராஜு. "நான் அத்தையோட அங்க இருக்கணும். அப்பாவுக்கு யாரு இருக்கா? நீங்க போய் இருங்க."

சின்னையா தனத்தைப் பார்த்தார். தனம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

4. பையன்களுக்கு

தொழிலில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். கட்-ஆஃப் என்ஜினைத்தான் நிறுத்தும். லோரியை நிறுத்தாது. அதற்கு வீல் லாக் போடுங்கள், முடிந்தால் வண்டியைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போடுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போனால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டிக்காரரிடம், பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது வண்டி நல்ல வண்டி என்று தெரியுமா என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்று சொன்னால் நான் ஒயரைத் தொட மாட்டேன். எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

சில மாதம் கழித்து ஒரு பழைய வண்டி விலைக்கு வந்தது. சின்னையாவுக்குச் சொல்லலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சின்னையா ராஜு வீட்டில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ராஜுவின் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை. கஞ்சி கடைவாயில் வழிந்தது. இவர் துண்டால் துடைத்தார். துடைத்ததும் பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வண்டி விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் வயர்மேன்," என்றார். "தனம் என்னோட வரமாட்டேங்கிறா. ராஜுதான் கொண்டுபோறான்."

அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் இருப்பவருக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"இவருக்குப் பேச்சுதான் வரல. காது நல்லாக் கேக்குது. ராஜு அன்னிக்குக் கத்துனத படுத்துக்கிட்டே கேட்டுருக்காரு. மத்தவங்க ஊட்டுனா சாப்பிடுறாரு. நான் ஊட்டுனா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் கிண்ணத்தை எடுத்து, கஞ்சியைக் கலக்கி, கரண்டியை அந்த வாயருகே கொண்டுபோய்க் காத்திருந்தார்.