அக்கா எழுதாத மறுதேர்வு

அயர்லாந்தில், நான் படிக்கும் கார்க் நகரத்துக் கல்லூரியில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது கையை உயர்த்தி, "ஸாரி, எனக்கு ஒன்றுமே புரியவில்லை" என்பார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பேராசிரியை சந்தோஷமாகப் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வந்த புதிதில் அப்படி யாராவது கேட்டால் நான் குனிந்துகொள்வேன். அவமானம் எனக்கே நேர்ந்ததுபோல் காது சூடாகும்.

காரணம் ஷைனி அக்கா. கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் எங்கள் வீடு. பள்ளியில் தமிழ்வழி படித்தவள் அக்கா. எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததும் அவள்தான். கணிதப் பட்டப்படிப்புக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். முதல் மாதத்தில் ஒருநாள் எழுந்து, தமிழும் மலையாளமும் கலந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "பாண்டி மலையாளம்" என்று, தமிழரைக் கேலிசெய்யும் பெயரைச் சேர்த்துப் பின்வரிசையில் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசி வருடம் ஒரே ஒரு கணிதத் தாளில் தோற்றாள். "அவளுக்க தலைக்கு அது ஏறாது. பின்ன எதுக்கு திரும்பவும் எழுதி நாணங்கெடணும்?" என்றார் அப்பா. கோபத்தில் சொல்லவில்லை, மகளைக் காப்பாற்றுவதாக நினைத்தே சொன்னார். அக்காவும் நம்பினாள். மறு வருடம் கோட்டுகால் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்.

இங்கே முதல் பருவத்தில் நானும் புள்ளியியலில் தோற்றேன். பேராசிரியை என் தாளைப் பார்த்துவிட்டு, "யூ ஆர் நாட் தேர் யெட்" என்றார். 'நீ அங்கே இல்லை' என்று சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டேன்; பட்டியலில் என் பெயர் இல்லை, வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. ஊருக்குத் திரும்ப டிக்கெட்கூடத் தேடினேன். ஏன் வரவில்லை என்று அவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகு போய்ச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். இன்னும் எட்டவில்லை, எட்டிவிடுவாய் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். தோற்றவனிடம் இப்படிப் பேசுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அன்று முதல் நானும் கையை உயர்த்தத் தொடங்கினேன். முதல் தடவை கேள்வியைத் தாளில் எழுதிவைத்துப் படித்தேன். மூன்றாவது தடவை, நான் கேட்டதையே கேட்க நினைத்திருந்ததாக இருவர் வந்து சொன்னார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீயும் திரும்ப எழுதக்கா" என்றேன். "போலே, பிள்ளை பள்ளிக்கூடம் போவுது, இனியாக்கும் நான் படிக்கப் போறேன்?" என்று சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்திருந்தாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைகளை முடித்து, அவளுக்கு மதியமும் எனக்குக் காலையுமான நேரத்தில் வீடியோவில் எனக்கு எதிரே உட்காருவாள். புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்டாள். சில வாரங்களில் என்னை முந்திவிட்டாள். "எலே, இது இவ்வளவுதானா? அன்னைக்கு ஒருத்தரும் இப்படிச் சொல்லித் தரல்லியே!" என்றபோது அவள் முகத்தில் நான் சிறுவயதில் பார்த்த வெளிச்சம் இருந்தது.

அத்தானோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். அவள் படித்த பாடத்திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பழைய மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். மெர்ஸி சான்ஸ் என்று பெயர். "அதும் கழிஞ்ஞு போயல்லோ மோளே" என்றாராம் அங்கிருந்தவர். கருணைக்கும் கெடு உண்டு, அது முடிந்துவிட்டது.

முதல் வருடத்திலிருந்தே தொடங்கலாமே என்றேன்.

"பிள்ளையையும் கிடையில கிடக்க மாமியையும் ஆரு பாக்கது?"

கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"மக்கா, நான் மக்குன்னு நெனச்சு இத்தன நாள் நிம்மதியாட்டு இருந்தேன். இப்போ எனக்குப் படிக்க முடியும்னு தெரிஞ்சு போச்சு. அதாக்கும் தாங்க முடியல்ல."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. திரையை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். சமையலறைச் சுவர் மட்டும் தெரிந்தது.

மனம் திறந்தால் போதும் என்று இங்கே சொல்லித்தருகிறார்கள். நம்மூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளே, நானும் அதை நம்புகிறேன். என்னை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் திறந்த மனதோடு போய் மூடிய கதவின் முன் நிற்பவளுக்குச் சொல்ல அவர்களிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுதேர்வில் நான் தேறினேன். முடிவு வந்த மாலை, தோழர்கள் என்னை ஒரு பப்புக்கு இழுத்துப்போனார்கள். நான் வாசலில் நின்று அக்காவை அழைத்தேன்.

"ஜெயிச்சியா மக்கா? ஸ்தோத்திரம்!" என்றாள். "அங்க என்ன சத்தம்?"

"கூட்டுக்காரங்கக்கா. உள்ளே கூப்பிடுறாங்க."

"பின்ன போ. நான் வைக்கேன்."

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உள்ளிருந்து ஜெபசிங் என்ற என் பெயரை "ஜெப், ஜெப்" என்று பாதியாக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் கோட்டுகாலில் கொட்டும் மழை கேட்டது. ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், அக்கா மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.