முனியாண்டிக்கு வளர்த்த கஞ்சாச் செடி

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால் பழைய தகர டின்னில் எங்க வீட்டுக்காரர் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தார். கேட்டால், முனியாண்டி பூசைக்காம். இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து நுனி கருகியதும், தேயிலைக்கு மருந்தடிக்கிற மனுஷனாச்சே, இதுவும் கொப்புள நோய்தான் என்று மருந்தடித்தார். லயத்து ஆம்பளைகள் ஆளுக்கொரு பிடி தேயிலை உரத்தை மடியில் கட்டி வந்து போட்டார்கள். தீனி அதிகமாகிவிட்டது என்று நான் கத்தியது எவன் காதிலும் ஏறவில்லை.

ஒருநாள் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா டின் முன்னால் வந்து நின்றார். உரம் கொண்டுவந்தவன் எல்லாம் மடியை மறைத்தான். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"உரம் கூடிருச்சு. ஒரு வாரம் வெறும் தண்ணி ஊத்து. என்னோடதும் இப்படித்தான் ஆச்சு."

எங்க வீட்டுக்காரர் பவ்யமாகக் கேட்டார்: "ஐயாவும் பூசைக்குத்தானுங்களா?"