என் வீட்டைத் தாண்டிப்போன பிடியரிசி

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் என் அன்பு. போன வருடம் பங்குனியிலிருந்து ஐப்பசி வரை ஏழு மாதம் என் வீட்டு வாசற்படியை வெளியாள் ஒருவரும் மிதிக்கவில்லை. நான் யாரோடும் சண்டை போடவில்லை. யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் ஒருவரும் வரவில்லை. சில நாள் காலையில் எழுந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆட்டை விரட்டும்போது "த்தூ, போ" என்று சத்தம் போடுவேன். அன்றைக்கு என் வாயில் வந்த பேச்சு அவ்வளவுதான். அந்தக் குழியிலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கினார் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். நன்னிலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. படித்தது மூன்றாம் வகுப்பு. என் அப்பா பிறர் வயலில் கூலிக்கு நின்றவர். நானும் நின்றேன். பிறகு குத்தகைக்கு எடுத்தேன். இன்றைக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், என் பெயரில் பட்டாவோடு இருக்கிறது. ஒரே மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன், மஸ்கட்டில் இருக்கிறான். இதற்கெல்லாம் யாரிடமும் கைநீட்டவில்லை. எப்படி முடிந்தது என்று கேட்டால், பன்னிரண்டு டப்பாவால் முடிந்தது.

சம்பா நெல் போட்டுப் பணம் கைக்கு வந்த அன்றைக்கே அதைப் பன்னிரண்டு பால் பவுடர் டப்பாவில் பிரித்துப் போட்டுவிடுவேன். மாதத்துக்கு ஒரு டப்பா. வைகாசி டப்பாவை வைகாசி பிறக்கும்வரை திறக்கக் கூடாது. உயிரே போனாலும் கூடாது. மாதம் முடிந்து மிஞ்சுவது பதின்மூன்றாவது டப்பாவுக்குப் போகும். நிலம் எல்லாம் அந்தப் பதின்மூன்றாவது டப்பாவில் முளைத்ததுதான். புளியை மாசி பங்குனியில் விலை இறங்கும்போது வருடத்துக்கும் வாங்கிக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்துவிடுவோம். மிளகாயும் அப்படியே. உளுந்து நம் வயலில் விளைந்தது. சித்திரை வெயிலில் வடகமும் வற்றலும் போட்டுவிட்டால் மழைக்காலத்தில் காய்க்குக் காசு போகாது. எங்கள் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, வாலிபர் கூட்டத்தில் குடும்பச் செலவு பற்றிப் பேசச் சொன்னார். பட்டம் படித்த பிள்ளைகள் நோட்டு வைத்து எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை எழுதினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி ஞானம்மாள் ஆண்டவரிடம் போய்விட்டாள். வீட்டில் நான் ஒற்றை ஆள். ஒற்றை ஆளுக்கு என்ன செலவு என்று உட்கார்ந்து பார்த்தேன். பால் எதற்கு? வரக்காப்பி போதும் என்று பால்காரம்மாவை நிறுத்தினேன். கண் சரியாகத் தெரியவில்லை, பேப்பர் எதற்கு? அந்த ஆளையும் நிறுத்தினேன். மீன்காரம்மா ஒன்பது மணிக்கு வாசலில் வந்து குரல் கொடுப்பாள். ஒருவனுக்கு எதற்கு மீன் என்று அவளையும் வர வேண்டாம் என்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் எனக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது.

கடைசியாகப் பிடியரிசிக்கு வந்தேன். எங்கள் சபையில் அது வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போய் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். ஞானம்மாள் நாற்பது வருடம் தவறாமல் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று பிடி எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு வேளைக்கு, வருடத்துக்கு என்று போட்டால் முப்பது கிலோவுக்கு மேல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன வருடப் பங்குனியில் சங்கத் தலைவி சலோமி இன்னும் இரண்டு பேரோடு வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, பானையை எடுத்துட்டு வாங்க."

"பானை இனிமே இல்லம்மா. நான் ஒத்த ஆளு. கோயில்ல காணிக்கைப் பையில போடுறேன்ல, அது போதும்."

"அத்தை இருந்தவரைக்கும் ஒரு நாளும் எங்களை வெறுங்கையா அனுப்புனதில்ல."

"உங்க அத்தைக்குக் கணக்குத் தெரியாது. வருசத்துக்கு முப்பது கிலோ. நிறுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

சலோமி மற்றவர்களைப் பார்த்தாள். "நிறுத்தே பாத்துட்டாராண்டி! சரி மாமா, நீங்களே வச்சுக்குங்க. மேல போனா அங்க ரேஷன் கடை இருக்குமோ என்னமோ, எதுக்கும் கையில இருக்கட்டும்" என்றாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அடுத்த மாதம் பக்கத்து வீடு வரை வந்தார்கள். என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருடம் பதின்மூன்றாவது டப்பா முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நிறைந்தது. மூடி மூடவில்லை. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிப்பா, நான் டூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை, அவன் வேலை அப்படி. வேறு யாரிடம் சொல்வது? அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே வரக்காப்பி குடித்தேன்.

ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கொல்லையில் கைபம்பு அடிக்கப் போனேன். துவைக்கிற கல் பக்கம் பாசி. கால் வழுக்கியது. இடுப்பு கல்லில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. அதன்பிறகு இடது காலை அசைக்க முடியவில்லை.

கூப்பிட்டேன். என் கொல்லைச் சுவரை ஏழு அடிக்கு நானே நின்று கட்ட வைத்தேன், தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படிச் சுவர் இல்லை. அன்றைக்கு என் குரல் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டார் களை எடுக்க வயலுக்குப் போய்விட்டார்கள். போன் வீட்டுக்குள் அலமாரியில். பணம் டப்பாவில், நான் கிடந்த இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில்.

யாராவது வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஏழு மணிக்குப் பால்காரம்மா வருவாள். நிறுத்திவிட்டேன். ஏழரைக்குப் பேப்பர். அதையும் நிறுத்திவிட்டேன். கோயில் மணி எட்டு அடித்தது. ஒன்பதுக்கு மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டது. எங்கள் வீடு வரை வரவில்லை, திரும்பிப் போய்விட்டது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் பாலை மிச்சம் பிடித்தேன், மீனை மிச்சம் பிடித்தேன் என்று நினைத்திருந்தேன். நான் வேண்டாம் என்று சொன்னது அத்தனையும் ஆட்கள். என் வாசலுக்கு வந்து "என்ன பெரியவரே, இருக்கீங்களா?" என்று கேட்கிற வாய்களை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. இப்படியே செத்தால் எத்தனை நாள் கழித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன். ஞானம்மாள் செத்தபோதுகூட அப்படி அழாதவன் நான்.

சபையில் என்னைப்போல ஜெபிக்க ஆள் கிடையாது. ஆரம்பித்தால் கால் மணி நேரம் போகும். அன்றைக்கு அதெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கோயில் மணி பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். வாசல் பக்கம் ஒரு குரல். "வீட்டுல யாருங்க? பிடியரிசி!"

சின்னப் பெண்ணின் குரல். கேட்டறியாத குரல். பதில் சொல்லப் பார்த்தேன், தொண்டையில் காற்றுதான் வந்தது. முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு தரம் தட்டினாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைப் படல் கதவை யாரோ தள்ளினார்கள். கையில் பையோடு ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"ஐயோ, தாத்தா! என்ன தாத்தா இப்படிக் கெடக்குறீங்க!"

பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தன் துப்பட்டாவை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். தெருவே கூடும்படி ஒரு கத்துக் கத்தினாள். அப்படி ஒரு குரலை ஆண்டவர் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

அவள் சலோமியின் மருமகள் ஸ்டெல்லா. கல்யாணமாகி வந்து மூன்று வாரம். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. "எங்க ஊர்ல முன்னாடி சத்தம் இல்லன்னா பின்னாடி போயிருவோம் தாத்தா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பிறகு சொன்னாள். எந்த மாதமும் தவறாமல் வருகிற சலோமிக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். கூட வருகிற இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்கு மயிலாடுதுறை போய்விட்டார்கள். மருமகளிடம் பையைக் கொடுத்து, எல்லா வீட்டுக்கும் போய்வா என்று அனுப்பியிருக்கிறாள்.

திருவாரூரில் ஆபரேஷன் நடந்தது. ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை, பதின்மூன்றாவது டப்பாதான் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். சேமிப்பு தப்பே இல்லை. ஆனால் நர்ஸ் வந்து, "கூட இருக்கிறது யாரு?" என்று கேட்டபோது டப்பாவால் பதில் சொல்ல முடியாது. "நாங்கதான்" என்றாள் சலோமி. காய்ச்சல் விட்டும் விடாமலும் வந்து நின்றாள். சங்கத்துப் பெண்கள் முறை வைத்து மாறி மாறி இருந்தார்கள். மகன் லீவு கிடைத்து ஆறாவது நாள் வந்து சேர்ந்தான்.

ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது சலோமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "உங்க வீட்ட விட்டுட்டுப் போன்னு அவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா. காய்ச்சல்ல மறந்துட்டேன்."

"நீ எங்கம்மா மறந்த? உன்னை மறக்க வச்சாரு" என்றேன்.

சலோமி இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு அவள், "கஞ்சியில உப்புப் போதுமா? நிறுத்துப் பாத்துத்தான் போட்டேன்" என்றாள். தையல் வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன்.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். பாலும் மீனும் மறுபடி வருகிறது. பிடியரிசி போடுகிறேன், என் பிடி ஞானம்மாளின் பிடியைவிடப் பெரிது. மாத டப்பாவில் மிஞ்சுவது குறைந்துவிட்டது. வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் இருக்கிறது. மகன் திரும்பிப் போய்விட்டான். விளக்கு வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஜெபிக்கிறேன்.

என்னைப்போல ஒற்றையாக இருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதினேன். பணத்துக்கும் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். "எனக்கு ஆள் இல்லை, ஒருத்தரை அனுப்பும்" என்று கேட்க வெட்கப்படுகிறோம். எழுபத்திரண்டு வயது வரை நானும் வெட்கப்பட்டேன். வெட்கத்தை விட்டுக் கேளுங்கள். அவர் அனுப்புவார். தெரிந்தவரைத்தான் அனுப்புவார் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னை மழையிலிருந்து தூக்கின பெண்ணுக்கு அன்றைக்கு என் பெயர்கூடத் தெரியாது.