மண்டபத்தூரில் கலையின் வகுப்பு

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மயிலாடுதுறையில் காரைக்கால் பஸ் ஏறும்போதே எனக்கு ஓர் ஆசை இருந்தது. கலைச்செல்வியின் தியான வகுப்பு சொதப்ப வேண்டும். அதை நேரில் பார்த்துவிட்டு, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும்.

கலை, நான் வேலை பார்க்கும் பள்ளியில் சக ஆசிரியை, என்னைவிட இளையவள். அம்மா இறந்தபின் தூக்கமில்லாமல் தவித்தவளை உட்காரவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் தியானப் பழக்கத்துக்குப் பன்னிரண்டு வயது. அவளுடையதற்கு நாலு. மைண்ட்ஃபுல்னெஸ் தியான ஆசிரியர் பயிற்சிக்காகப் புதுச்சேரியில் இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அவளை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம், “இன்னும் ஒரு வருஷம் பொறுத்து வாங்களேன்” என்றார்கள். பயிற்சி முடித்து, மீனவர் ஊரான மண்டபத்தூரில் ஞாயிறுதோறும் வகுப்பு தொடங்கியவள் இரண்டு முறை அழைத்தாள். இரண்டு முறையும் சாக்குச் சொன்னேன். மூன்றாம் முறை அழைத்தபோது வருகிறேன் என்றேன்.

செம்பனார்கோயில் வரை நின்றுகொண்டே பயணம். பிறகு ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். மூச்சுக்கு நடுவே அவள் முகம்தான் வந்தது. தரங்கம்பாடி தாண்டி, நண்டலாற்றுப் பாலம் கடந்ததும் பூவம். இறங்கி ஆட்டோ பிடித்தேன். மண்டபத்தூருக்கு நூறு ரூபாய் என்றார் ஓட்டுநர்.

“கலை டீச்சர் கிளாசுக்குங்களா? எங்க வீட்டுலயும் அங்கதான் போயிருக்குங்க” என்றார்.

கலை டீச்சர். அந்த இரண்டு சொல் மீதி வழி முழுவதும் உறுத்தியது.

பத்து மணிக்கு வகுப்பு. கடலோரச் சமுதாயக் கூடம். வெளியே படகு இன்ஜினைப் பழுதுபார்க்கும் சத்தம். மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். “வந்துட்டீங்களாக்கா!” என்று கலை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

கண்களை மூடிச் சற்று நேரமானதும் வள்ளி என்ற பெண் எழுந்துவிட்டாள். “முடியல டீச்சர். கண்ண மூடுனா கடலுக்குப் போயித் திரும்பாத எம்புள்ளதான் வந்து நிக்குறான்.”

என்னைக் கேட்டிருந்தால் கால் மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன். கலை சொன்னாள்: “இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலக்கா. கண்ண மூட வேணாம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.” தன் இடத்தை விட்டு எழுந்துபோய், வள்ளியை உட்காரவைத்து அருகில் உட்கார்ந்தாள். வள்ளி அழுதாள். இன்ஜின் சத்தம் நின்று நின்று வந்தது.

நேர்காணலில் என்னை ஏன் பொறுத்து வரச் சொன்னார்கள் என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறையவில்லை, இன்னும் எரிந்தது. முடிவில் கலை, “எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க இவங்கதான்” என்று என்னைக் காட்ட, எல்லோரும் கும்பிட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்கூட்டரில் பூவம் வரை கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“உம்மேல பொறாமையா இருக்கு கலை.”

“தெரியும்க்கா. ரெண்டு வாட்டி நீங்க வராதப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் திரும்பக் கூப்பிட்ட?”

“ஒவ்வொரு வாரமும் உள்ள போறப்ப பயமா இருக்குக்கா. நீங்க இருந்தா கொஞ்சம் கொறயும்னு நெனச்சேன்.”

பஸ் வந்துவிட்டது. படியில் நின்று, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வர்றேன்” என்றேன். அவளுக்குக் கேட்டதா, தெரியவில்லை.

பொறாமை பூவத்தில் நின்றுவிடவில்லை. என்னோடுதான் ஊர் வந்தது. மயிலாடுதுறையில் என் தியான அறை அமைதியானது. நல்ல மெத்தை, ஊதுவத்தி மணம், கதவைச் சாத்தினால் தெருச்சத்தம்கூடக் கேட்காது. பன்னிரண்டு வருடமாக அங்கே என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.